ஹைப்ரிட் எஸ்யூவி வாங்குகிறீர்களா? சக்கர அளவை புக்கிங்குக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

ஹைப்ரிட் எஸ்யூவி வாங்குவதற்கு முன் மூன்று மாதம் அலசினேன். எஞ்சின், பேட்டரி வாரண்டி, பின்சீட்டில் கால் நீட்டும் இடம், டிக்கியின் கொள்ளளவு என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சக்கரத்தைப் பற்றி மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய 360 டிகிரி கேமரா டாப் வேரியண்டில்தான் இருந்தது. அந்த வேரியண்டில் 19 இன்ச் சக்கரமும் சேர்ந்தே வந்தது. பார்க்க நன்றாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஏழாவது மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு இரவில், தண்ணீர் நிறைந்திருந்த குழியில் முன்சக்கரம் இறங்கியது. டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் பசை மட்டும் கொடுத்திருந்தார்கள், அது கிழிசலை அடைக்காது. இழுவை வண்டி வந்து தூக்கிப் போனது. அந்த அளவு டயர் எந்தக் கடையிலும் கையிருப்பில் இல்லை. பதினொரு நாள் வண்டி நின்றது. அதன் பிறகு, தயாரிப்பாளர் அனுமதித்திருந்த 18 இன்ச்சுக்கு மாற்றினேன். அப்படி மாற்றும்போதுதான் இந்த விஷயத்தில் எத்தனை தாள், எத்தனை எண், எத்தனை செலவு இருக்கிறது என்பது புரிந்தது. வாங்கும்போதே ஒரு வாரம் இதற்காக ஒதுக்கியிருந்தால் எல்லாமே மிச்சமாகியிருக்கும். உங்களுக்கு அந்த வாரத்தில் என்னென்ன வேலை என்று கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. டயரில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பத்து நிமிட வேலைதான். இது தெரியாமல் ஷோரூமுக்குப் போகாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் 235/60 ஆர் 18 103 எச் என்பது போல ஒரு வரி இருக்கும். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம் என்று பொருள். 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஆர் என்பது ரேடியல், அதாவது டயரின் உள் நார்கள் அமைந்திருக்கும் விதம். 103 என்பது ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீட்டு எண். கடைசியில் உள்ள எழுத்து வேக வரம்பு. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240.

எஸ்யூவிகளில் அடிக்கடி காணப்படும் மூன்று அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

235/65 ஆர் 17: பக்கச்சுவர் சுமார் 153 மி.மீ., மொத்த விட்டம் சுமார் 737 மி.மீ.

235/60 ஆர் 18: பக்கச்சுவர் 141 மி.மீ., மொத்த விட்டம் சுமார் 739 மி.மீ.

235/55 ஆர் 19: பக்கச்சுவர் சுமார் 129 மி.மீ., மொத்த விட்டம் சுமார் 741 மி.மீ.

மொத்த விட்டம் ஏறக்குறைய மாறவே இல்லை, பாருங்கள். “பெரிய சக்கரம் போட்டால் வண்டி உயரும், பள்ளத்தில் இடிக்காது” என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். உண்மையில் வண்டி இரண்டு மில்லிமீட்டர்கூட உயரவில்லை. ரிம் ஒரு இன்ச் பெரிதாகும்போது சாலைக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பரும் காற்றும் 12 மி.மீ. குறைகின்றன. இந்த ஒரு கணக்கு மனதில் நின்றுவிட்டால் மீதி எல்லாம் எளிது.

தாங்கும் எடையையும் கவனியுங்கள். 104 என்றால் 900 கிலோ, 103 என்றால் 875, 101 என்றால் 825. மேலே சொன்ன மூன்று அளவுகளும் சாதாரண ரகத்தில் பெரும்பாலும் இதே வரிசையில்தான் வருகின்றன. உள்ளே காற்றுக்கான இடம் குறையக் குறைய, தாங்கும் சக்தியும் குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் எக்ஸ்எல் என்று குறிக்கப்பட்ட வலுவூட்டிய டயர்கள் இருக்கின்றன. அவற்றின் முழுத் தாங்குதிறனும் கிடைக்கக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். ஹைப்ரிட் வண்டி, பேட்டரியும் மோட்டாரும் சேர்வதால் அதே மாடலின் பெட்ரோல் வண்டியைவிடக் கனமானது. மின்கம்பியில் செருகி சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட் இன்னும் கனம். அதனால் இந்த எண்ணை அலட்சியம் செய்யக் கூடாது.

2. எந்த வேரியண்டில் எந்தச் சக்கரம் என்று தாளில் எழுதுங்கள்

சக்கர அளவைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தருவதில்லை. வேரியண்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அதனால் நீங்கள் தேர்ந்தெடுப்பது சக்கரத்தை இல்லை, வேரியண்டைத்தான்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: வேரியண்ட், முழு டயர் அளவு, ஸ்டெப்னி உண்டா, அந்த வேரியண்டில் மட்டும் கிடைக்கும் வசதிகள். விளம்பரக் கையேட்டில் “19 இன்ச் அலாய்” என்று மட்டும்தான் இருக்கும். அகலமும் பக்கச்சுவரும் தொழில்நுட்ப விவரத் தாளில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த மாடலின் உரிமையாளர் கையேடு பெரும்பாலும் தயாரிப்பாளரின் இணையதளத்திலேயே கிடைக்கும். இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் பல இடத்தில் அது தேவைப்படும்.

ஒரு பொறி: ஒரே பெயருள்ள வேரியண்ட், மாடல் ஆண்டு மாறும்போது வேறு சக்கரத்தோடு வரலாம். போன வருடம் வாங்கிய நண்பரின் வண்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நான்காவது கட்டத்தை எழுதிய பிறகு ஒவ்வொரு வசதியின் அருகிலும் “இது இல்லாமல் இருக்க முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேமராவை வெளியில் தனியாக வாங்கிப் பொருத்தியிருக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

3. மைலேஜ் கணக்கைச் சக்கர அளவுப்படி பாருங்கள்

ஹைப்ரிட் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் மைலேஜுக்காகத்தான் வாங்குகிறோம். அந்த மைலேஜில் ஒரு பகுதியைச் சக்கரம் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

எனக்குத் தெரிந்தவற்றில் தெளிவான உதாரணம் எஸ்யூவி இல்லை, 2023 மாடல் டொயோட்டா பிரியஸ். அதே எஞ்சின், அதே உடல். முன்சக்கர இயக்கமுள்ள அடிப்படை வேரியண்ட் 17 இன்ச் சக்கரத்தில் வருகிறது. அதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த மதிப்பு கேலனுக்கு 57 மைல். 19 இன்ச் சக்கரத்தில் வரும் மேல் வேரியண்டுகளுக்கு 52 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 24.2 கி.மீ., 22.1 கி.மீ. மேல் வேரியண்டின் கூடுதல் சாமான்களின் எடையும் இதில் சேர்ந்திருக்கிறது, முழுப் பழியையும் சக்கரத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் கிட்டத்தட்ட 9 சதவீதம் என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? பெரிய ரிம் கனமாக இருக்கும், அந்தக் கனமும் அச்சிலிருந்து வெளியே தள்ளி இருக்கும். நகர நெரிசலில் அதைச் சுழற்றி, நிறுத்தி, மறுபடி சுழற்ற வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஹைப்ரிட் ஆற்றலை மீட்டு பேட்டரிக்கு அனுப்புகிறது என்பது சரிதான், ஆனால் கொடுத்ததில் ஒரு பகுதிதான் திரும்பி வரும். அடுத்து, பெரிய ரிம்முக்குப் பெரும்பாலும் பிடிப்பை முதன்மையாக வைத்துச் செய்த, சற்று அகலமான டயரைப் போடுகிறார்கள். அதன் உருளும் எதிர்ப்பு கூடுதல். மூன்றாவது காற்று. பெரிய இடைவெளி விட்ட ஆரங்கள் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைக் கலக்கும். சில ஹைப்ரிட்களில் சிறிய ரிம்மின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புவது பெரும்பாலும் இதற்காகத்தான். அழகில்லை என்று அதைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் நாட்டின் அதிகாரபூர்வ எரிபொருள் பட்டியலில் வேரியண்ட் வாரியாக மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் பின்பற்றும் எரிபொருள் சோதனை முறையான டபிள்யூஎல்டிபி-யில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சக்கரத்தையும் சேர்த்தே வண்டிக்கான மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். அதனால் ஒரே மாடலுக்கு “இவ்வளவு முதல் இவ்வளவு வரை” என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சிறிய சக்கரத்தில் வந்த நல்ல எண். நீங்கள் வாங்குவதோ பெரிய சக்கரம். இந்தப் பொறியில் நிறையப் பேர் விழுகிறார்கள்.

பணமாக மாற்றும் முன் லிட்டராகக் கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 15,000 கி.மீ., லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் 750 லிட்டர். மைலேஜ் 5 சதவீதம் குறைந்து 19 ஆனால் சுமார் 790 லிட்டர். ஆறு வருடத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 240 லிட்டர். உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தத் தொகை மட்டும் தனியாக உங்களை அதிர வைக்காது. அடுத்து வரும் டயர் செலவோடு கூட்டிப் பாருங்கள், அப்போது தெரியும்.

4. டயர் கடைக்கு மூன்று போன் போடுங்கள்

இந்த வேலையை யாரும் வண்டி வாங்கும் முன் செய்வதில்லை. தயவுசெய்து செய்யுங்கள்.

மூன்று கடைகளைக் கூப்பிடுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே ரக டயரை உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு அளவிலும் விலை கேளுங்கள். வேறு வேறு ரகத்தின் விலையைக் கேட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். அதோடு இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்:

இந்த அளவில் எத்தனை நிறுவனங்களின் டயர் கிடைக்கும்?

இன்று சொன்னால் எத்தனை நாளில் வரும்?

உருளும் எதிர்ப்பு குறைந்த ரகம் இந்த அளவில் உண்டா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பல வண்டிகளில் பொதுவாக ஓடும் அளவு என்றால் அன்றைக்கே கிடைக்கும். ஓரிரு மாடலில் மட்டும் வரும் அளவு என்றால் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். எனக்குப் பதினொரு நாள் போனது இதனால்தான்.

கணக்குக்கு வருவோம். ஆறு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், வருடம் 15,000 கி.மீ. என்றால் மொத்தம் 90,000 கி.மீ. ஒரு செட் 45,000 கி.மீ. தாங்கும் என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஒரு செட் கட்டாயம், விற்கும் நேரத்தில் இன்னொரு செட்டுக்கான பேரம். நீங்கள் ஓட்டும் சாலை மோசம் என்றால் பெரிய சக்கரத்துக்கு ஒன்றிரண்டு டயர் தனியாகவும், ஒரு ரிம் நெளிவெடுக்கும் செலவும் சேர்த்து எழுதுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் இன்னொரு விஷயம்: ஒரு டயர் கிழிந்தாலும் ஒன்றை மட்டும் மாற்ற முடியாமல் போகலாம். புது டயரின் பட்டனுக்கும் (சாலையைத் தொடும், வரிகள் உள்ள ரப்பர் பகுதி) பழையதன் பட்டனுக்கும் தேய்மான வித்தியாசம் அதிகமானால் சுற்றளவு மாறிவிடும், இயக்க அமைப்பு அதை ஏற்காது. எவ்வளவு வித்தியாசம் வரை சரி என்பது கையேட்டில் இருக்கும். நான் ஒன்று கிழிந்ததற்கு இரண்டு வாங்கினேன்.

ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் 2021 மே 1 முதல் புதிய முத்திரைச் சீட்டு ஒட்டப்படுகிறது. உருளும் எதிர்ப்பும் ஈரச் சாலைப் பிடிப்பும் ஏ முதல் இ வரை, இரைச்சல் டெசிபலில். உங்கள் நாட்டிலும் இப்படி ஏதாவது முத்திரை இருந்தால் பாருங்கள். ஆனால் மைலேஜுக்காக ஈரப் பிடிப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டிலும் நல்ல மதிப்பெண் உள்ள டயர்கள் கிடைக்கின்றன.

5. உங்கள் சாலையை நினைத்துப் பாருங்கள்

காகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தினமும் போகும் பாதையை மனதில் ஓட்டிப் பாருங்கள். குழிகள், முறையாகக் கட்டாத வேகத்தடைகள், கூர்மையான நடைபாதை விளிம்புகள், கல் பெயர்ந்த கிளைச்சாலை. இவற்றில் இரண்டு இருந்தாலே சிறிய ரிம் பக்கம் சாயுங்கள். குழியில் இறங்கும்போது டயர் நசுங்கி, ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. 153 மி.மீ. பக்கச்சுவருக்கு நசுங்க இடம் உண்டு, 129 மி.மீ.க்குக் குறைவு. சில சமயம் உடனே கிழியாது. உள்ளிருக்கும் நார் அறுந்து இரண்டு நாள் கழித்துப் பக்கவாட்டில் கொப்புளம் மாதிரிப் புடைக்கும். புடைத்த டயரில் ஓட்டாதீர்கள், எந்த நேரமும் வெடிக்கலாம். பஞ்சர் போட்டுச் சரிசெய்வது பட்டன் உள்ள பகுதியில்தான், பக்கச்சுவரில் முடியாது.

சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைப்ரிட் மின்சாரத்தில் ஓடும்போது எஞ்சின் சத்தம் இருக்காது. அந்த அமைதியில் டயரின் உறுமல் தெளிவாகக் கேட்கும். பெட்ரோல் வண்டியில் கவனிக்காத சத்தத்தை இதில் கவனிப்பீர்கள்.

பனி பெய்யும் இடத்தில் இருப்பவர்கள் கையேட்டில் சங்கிலி பற்றிய பக்கத்தைப் பாருங்கள். சில மாடல்களில் சிறிய ரிம்முக்கு மட்டுமே பனிச்சங்கிலி அனுமதி.

பெரிய சக்கரத்தால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும், வளைவில் தளர்வு குறையும். சாலை மழமழவென்று இருந்து, நெடுந்தூரம் வேகமாக ஓட்டுபவராகவும் இருந்தால், அதற்காகக் கொஞ்சம் மைலேஜைக் கொடுக்கலாம், தப்பில்லை. தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

6. ஸ்டெப்னி பற்றித் தனியாகக் கேளுங்கள்

“ஸ்டெப்னி இருக்கிறதா?” என்று கேட்டால் “எல்லாம் இருக்கிறது சார்” என்பார்கள். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கும் அதே வேரியண்டில். பெட்ரோல் வண்டியில் ஸ்டெப்னி இருந்த இடத்தில் ஹைப்ரிட்டில் பேட்டரியோ வேறு கருவியோ இருக்கலாம்.

மூன்று விதம் உண்டு. முழு அளவு ஸ்டெப்னி இருந்தால் பாக்கியம். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் என்றால் பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், அருகில் உள்ள கடை வரை போக உதவும். பசையும் காற்றுப் பம்பும் மட்டும் என்றால் பட்டனில் ஆணி குத்திய சிறிய துளைக்குத்தான் அது. பசைக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

பசை மட்டும் உள்ள வண்டி, குட்டைப் பக்கச்சுவர், குழி நிறைந்த சாலை: இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்படி வாங்காதீர்கள். என்னிடம் மூன்றும் இருந்தன.

7. இரண்டு அளவையும் ஓட்டிப் பாருங்கள்

ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் டாப் வேரியண்ட்தான். சிறிய சக்கர வேரியண்டையும் ஓட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி நாள் கேளுங்கள். வேறு கிளையிலிருந்து கொண்டுவர ஒரு வாரம் ஆகலாம். பரவாயில்லை, காத்திருங்கள்.

கிளம்பும் முன் நான்கு டயரிலும் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். புது வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து ஏற்றி வரும்போது கூடுதல் காற்றழுத்தத்தில் வரும். அதைக் குறைக்காமலே டெஸ்ட் டிரைவுக்கு விட்டிருந்தால் நல்ல வண்டிகூடக் கட்டை மாதிரி ஓடும். சரியான அழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும்.

வழுவழுப்பான பிரதான சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது போதாது. மோசமான ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வண்டியையும் அதே தெருவில், அதே வேகத்தில் ஓட்டுங்கள். வீட்டாரைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஓட்டுகிறவருக்குத் தெரியாத குலுக்கல் பின்னால் தெரியும். முதுகுவலி உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் அவர் சொல்வதே கடைசித் தீர்ப்பு.

8. வேண்டிய வேரியண்டில் பெரிய சக்கரம் மட்டும்தான் என்றால்

இதில்தான் நான் அதிகம் அலைந்தேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி, சிறிய ரிம் அந்த வேரியண்டில் ஏறுமா? மேல் வேரியண்டில் பிரேக் டிஸ்க் பெரியதாக இருந்தால் 17 இன்ச் ரிம்முக்குள் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அடங்காமல் போகலாம். கையேட்டில் அல்லது கதவுத் தூண் ஸ்டிக்கரில் உங்கள் வேரியண்டுக்கு எந்தெந்த அளவு என்று போட்டிருக்கும். ஐரோப்பிய வண்டிகளுடன் வரும் இணக்கச் சான்றிதழிலும் டயர் அளவு இருக்கும். பட்டியலில் உள்ள அளவு என்றால் மேலே போகலாம். பட்டியலில் இல்லாத அளவு என்றால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். “நாங்கள் போட்டுக் கொடுத்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது” என்று கடைக்காரர் சொன்னாலும் விடுங்கள்.

இரண்டாவது, டெலிவரிக்கு முன்பே மாற்றித் தருவார்களா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். கீழ் வேரியண்டுக்கு வந்த புது சக்கரங்களோடு மாற்றிக்கொள்ள சிலர் சம்மதிப்பார்கள், ஏனென்றால் பெரிய சக்கரம் கேட்கும் வேறு வாடிக்கையாளர் இருப்பார். இதைப் பேச வேண்டிய நேரம் புக்கிங் பணம் கட்டும் முன். கட்டிய பிறகு உங்கள் கையில் பிடி இல்லை.

மூன்றாவது, வெளியில் வாங்குவதானால் நான்கு எண்களைச் சரிபாருங்கள். ரிம்மின் அகலம், பிசிடி என்ற போல்ட் வட்டம், நடுத் துளையின் விட்டம், ஆஃப்செட் (வண்டியில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது). டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய், கியா ஆகியவற்றின் பல எஸ்யூவிகளில் போல்ட் வட்டம் 5×114.3 (ஐந்து போல்ட், 114.3 மி.மீ. வட்டம்) என்று ஒன்றாகவே இருக்கும். ஆனால் நடுத் துளை வேறு: டொயோட்டாவில் பெரும்பாலும் 60.1 மி.மீ., ஹோண்டாவில் 64.1, ஹூண்டாய், கியாவில் 67.1. போல்ட் பொருந்துகிறது என்று நினைத்து வாங்கினால் ஒன்று ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) ஏறாது, அல்லது நடுவில் உட்காராமல் ஆடி, ஸ்டியரிங் நடுங்கும். துளை பெரியதாக இருந்தால் அளவான ஹப் வளையம் போட வேண்டும். ஆஃப்செட் தவறினால் சக்கரம் உள்ளே உரசும் அல்லது வெளியே துருத்தும்.

டயரின் எடைக் குறியீடும் வேக எழுத்தும் அந்த அளவுக்குத் தயாரிப்பாளர் சொன்னதற்குக் குறையக் கூடாது. விலை குறைவு என்று கடையில் இரண்டு எண் கீழே உள்ளதை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். மொத்த விட்டம் மாறினால் வேகமானியும் ஓடிய தூரமும் தப்பாகக் காட்டும். அனுமதித்த அளவுகளில் இந்தச் சிக்கல் வராது.

நான்காவது, செலவு. ரிம், டயர், பொருத்தி பாலன்ஸ் செய்யும் கூலி, அலைன்மெண்ட், டயர் அழுத்த சென்சார்கள். கடைசியில் உள்ளதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பழைய ரிம்மிலிருந்து சென்சாரைக் கழற்றி மாட்டலாம், அல்லது புதிது வாங்கி வண்டிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இதற்குத் தனிக் கூலி. கழற்றிய பெரிய சக்கரங்கள் ஓடாதவையாக இருந்தால் நல்ல விலை போகும். நான் ஓட்டிக் கீறிய பிறகு விற்றதால் பாதிகூடத் திரும்பவில்லை. வண்டியை விற்கும்போது அசல் சக்கரம் கேட்பார்களோ என்று யோசித்து வைத்திருப்பவர்களும் உண்டு. அதற்கு இடம் வேண்டும்.

மாற்றிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனர் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

9. தாள்கள்

புக்கிங் படிவத்தில் வேரியண்ட் பெயர் மட்டும் இருந்தால் போதாது. “டயர் அளவு 235/60 ஆர் 18” என்று கையால் எழுதி, விற்பனையாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். சக்கரம் மாற்றித் தருவதாக வாயால் சொன்னால் அதையும், கூடுதல் பணம் எவ்வளவு, பழைய சக்கரம் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்ற வரியையும் அப்போதே படியுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அனுமதித்த அளவுக்குள்தான் மாற்றம் என்று கையேட்டின் பக்கத்தை இணைத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்கு இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது, அதனால் சீக்கிரம் தொடங்குங்கள். பல பாலிசிகளில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. டயருக்கும் ரிம்முக்கும் தனி இணைப்புக் காப்பீடு கிடைத்தால், பெரிய சக்கரம் எடுப்பவர்கள் அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். சக்கர அளவு மாறினால் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

வாரண்டி விஷயத்தில் சர்வீஸ் மையத்தின் பதிலும் எழுத்தில் இருக்கட்டும். அனுமதியில்லாத அளவு போட்டிருந்தால் சஸ்பென்ஷன், வீல் பேரிங் பழுதுக்கு வாரண்டி மறுக்கப்படலாம். டயருக்கான வாரண்டி பொதுவாக வண்டி நிறுவனத்துடையது அல்ல, டயர் நிறுவனத்துடையது. அந்தச் சீட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

10. டெலிவரி நாளில், சாவி வாங்கும் முன்

பகல் வெளிச்சத்தில் போங்கள். நான்கு டயரிலும் அளவு, எடைக் குறியீடு, வேக எழுத்து, டயரின் ரகம் எல்லாம் ஒன்றா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ரொம்பப் பழையதாக இருந்தால் ஏன் என்று கேட்டு, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ரிம் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, நான்கையும் போட்டோ எடுங்கள். ஷோரூம் வளாகத்துக்குள் உருட்டும்போதே உரசியிருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு அது உங்கள் கீறல். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, பசை இருந்தால் அதன் தேதி, பூட்டு நட்டு போட்டிருந்தால் அதற்கான சாவி ஆகியவற்றைப் பாருங்கள். இந்தச் சாவி இல்லாமல் நடுவழியில் சக்கரத்தைக் கழற்றவே முடியாது.

கடைசியாக, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றைச் சரிசெய்யச் சொல்லி, கேஜில் நீங்களே எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்.